தனக்கு நீதி கிடைக்காத நீதிபதி

கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் சேமித்து வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வாசியுங்கள். ஒன்றும் ஓடிப்போகாது.

பழிவாங்கும் துன்பியல் நாடகம் என்றதும் ஆங்கில இலக்கியம் படித்தவர்கள் 'ஹாம்லெட்' என்பார்கள். பம்மல் சம்பந்த முதலியார் அதை 'அமலாதித்யன்' என்று தமிழுக்குக் கொண்டுவந்ததால் நம் நாடக ரசிகர்களுக்கும் அந்தக் கதை புதிதல்ல. செத்தவன் ஆவியாக வருவது, பழிவாங்க வேண்டியவன் நாள் கடத்துவது, பைத்தியமா நடிப்பா என்று பிடிபடாத பேச்சு, நாடகத்துக்குள்ளே இன்னொரு நாடகம், கடைசியில் மேடை நிறையப் பிணங்கள். ஹாம்லெட்டில் நாம் வியக்கிற இவை எல்லாம் அதற்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே லண்டன் மேடையில் வந்துவிட்டன. ஹொரேஷியோ என்ற பெயர்கூட வந்துவிட்டது. அந்த நாடகம் 'ஸ்பானிஷ் டிராஜெடி'. எழுதியவர் தாமஸ் கிட்.

பாடப்புத்தகங்கள் இந்த நாடகத்தை ஹாம்லெட்டுக்குப் போகிற வழியில் ரயில் நிற்காத ஸ்டேஷன் மாதிரி கடந்துவிடும். "ரோமானிய நாடகாசிரியர் செனெகாவின் தாக்கம் உடையது, ஷேக்ஸ்பியருக்கு முன்னோடி" என்று இரண்டு மதிப்பெண்ணுக்கு இரண்டு வரி. இது அநியாயம் என்பது என் கட்சி. இதைப் பழிவாங்கும் கதையாக மட்டும் படித்தால் ரத்தம்தான் கண்ணில் படும். ஊருக்கெல்லாம் தீர்ப்புச் சொல்கிற ஒரு நீதிபதிக்குத் தன் மகன் கொலையில் மட்டும் நீதி கிடைக்காமல் போவதுதான் இதன் உயிர். எழுதியவரின் வாழ்க்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது இன்னும் உறைக்கும். முதலில் கதை.

திரை விலகியதும் வருவது ஓர் ஆவி. ஆண்ட்ரியா என்ற ஸ்பெயின் வீரன். போர்ச்சுகலுடன் நடந்த போரில் அந்நாட்டு இளவரசன் பால்தசார் கையால் செத்தவன். பாதாள உலகத்துக்குப் போகிறான். அங்கே மூன்று நீதிபதிகள். இவன் காதலனா, வீரனா, எந்தப் பக்கம் அனுப்புவது என்று அவர்களுக்குள் கருத்து வேறுபாடு. கோப்பு மேலிடத்துக்குப் போகிறது. பாதாளத்து ராணி, 'பழி' என்ற உருவத்தைத் துணைக்குக் கொடுத்து, "போய் உட்கார்ந்து வேடிக்கை பார்" என்று பூமிக்கு அனுப்பிவிடுகிறாள். இந்த இருவரும் நாடகம் முழுக்க மேடையிலேயே இருக்கிறார்கள். நடுவில் 'பழி' தூங்கிவிடுகிறது! ஆண்ட்ரியா பதறிப்போய் எழுப்ப, நான் தூங்கினாலும் என் வேலை நடந்துகொண்டுதான் இருக்கும் என்று சமாதானம் சொல்கிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தேர்வுக்கூட மேற்பார்வைக்குப் போன அனுபவம் உள்ளவர்களுக்கு இந்தக் காட்சி நன்றாகப் புரியும்.

போரில் பால்தசாரைச் சிறைபிடித்தவன் ஹொரேஷியோ. செத்த நண்பன் ஆண்ட்ரியாவுக்கு இறுதிக் கடன் செய்தவனும் அவன்தான். ஆனால் ராஜாவின் தம்பி மகன் லொரென்ஸோ, "நானும்தான் பிடித்தேன்" என்று பங்குக்கு வருகிறான். ராஜா பஞ்சாயத்துப் பண்ணிப் பிணைத்தொகையை ஹொரேஷியோவுக்கும், கைதியின் குதிரையையும் ஆயுதங்களையும் லொரென்ஸோவுக்கும் பிரித்துக் கொடுக்கிறார். கைதியை யார் வீட்டில் தங்க வைப்பது? ஹொரேஷியோவின் வீடு சிறியது, இளவரசனின் பரிவாரத்துக்குப் போதாது, ஆகவே லொரென்ஸோ வீட்டில் இருக்கட்டும் என்கிறார். போகிற போக்கில் வரும் பேச்சு. ஆனால் பின்னால் நடப்பதெல்லாம் இந்த 'வீடு சிறியது' என்பதில் இருந்துதான் முளைக்கிறது. ஹொரேஷியோவின் அப்பா ஹியரோனிமோ நேர்மையான அதிகாரி, மரியாதைக்குரியவர், ஆனால் ராஜ குடும்பம் இல்லை. கைதியும் லொரென்ஸோவும் ஒரே கூரையின் கீழ் நண்பர்கள் ஆகிறார்கள்.

லொரென்ஸோவின் தங்கை பெல்-இம்பீரியா. ஆண்ட்ரியாவின் காதலி. அவன் போன பிறகு அவள் மனம் ஹொரேஷியோவிடம் போகிறது. அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. காதலனைக் கொன்ற பால்தசாரை வதைக்க இதுவும் ஒரு வழி என்று அவளே சொல்கிறாள். பால்தசாருக்கோ அவள் மேல் ஆசை. இரண்டு நாட்டுக்கும் அந்தக் கல்யாணத்தால் ஆதாயம். வேலைக்காரன் பெட்ரிங்கானோவைக் காசு கொடுத்தும் கத்தியைக் காட்டியும் மடக்கி, காதலர்கள் சந்திக்கும் இடத்தை லொரென்ஸோ தெரிந்துகொள்கிறான். அது ஹியரோனிமோவின் சொந்தத் தோட்டம். இரவில் அங்கேயே ஹொரேஷியோவைக் கொடிப்பந்தலில் தூக்கில் மாட்டிக் கத்தியால் குத்துகிறார்கள். அலறும் பெல்-இம்பீரியாவை இழுத்துப் போய் அடைத்து வைக்கிறார்கள். அலறல் கேட்டுப் படுக்கையில் இருந்து எழுந்து வருகிறார் கிழவர். யாரோ தொங்குகிறார்களே என்று கயிற்றை அறுத்து இறக்குகிறார். இறக்கிய பிறகுதான் முகம் தெரிகிறது. 1615-இல் வந்த பதிப்பின் முகப்பில் இந்தக் காட்சியைத்தான் மரக்கட்டைச் சித்திரமாக அச்சடித்திருக்கிறார்கள்: தொங்கும் மகன், பந்தம் ஏந்திய அப்பா, வாயைப் பொத்தி இழுக்கப்படும் பெண்.

இங்கே ஹியரோனிமோவின் உத்தியோகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் 'நைட் மார்ஷல்'. அது இங்கிலாந்தில் இருந்த பதவி. அரச குடும்பம் தங்கியிருக்கும் இடத்தைச் சுற்றிப் பன்னிரண்டு மைல் எல்லைக்குள் நடக்கும் குற்றங்களை விசாரிக்கும் அதிகாரம் உடையது. ஸ்பெயின் கதைக்குள் கிட் வேண்டுமென்றே ஒரு லண்டன் நீதிபதியைக் கொண்டு போய் உட்கார வைத்திருக்கிறார். ஆக, மகனின் கொலை அப்பாவின் வீட்டில் நடந்தது மட்டுமல்ல, அப்பாவின் அதிகார எல்லைக்குள்ளேயே நடந்தது. சட்டப்படி அதை விசாரிக்க வேண்டியவரே அவர்தான்!

அடுத்து வருவது நான் இந்த நாடகத்தில் மிகவும் மதிக்கும் பகுதி. ரத்தத்தால் எழுதிய ஒரு கடிதம் ஹியரோனிமோ முன் வந்து விழுகிறது. பெல்-இம்பீரியா சிறையிலிருந்து எழுதியது. பழைய அச்சுப்பிரதியில் அந்த இடத்தில் 'சிவப்பு மை' என்று மேடைக்குறிப்பே இருக்கிறது. கொலைகாரர்கள் இன்னார் என்று அதில் எழுதியிருக்கிறது. ஹியரோனிமோ என்ன செய்கிறார்? உடனே வாளை உருவவில்லை. இது என்னைச் சிக்க வைக்கும் பொறியாக இருந்தால்? சாட்சி வேண்டும், விசாரித்துப் பார்க்க வேண்டும் என்று நிற்கிறார். இதைத் தயக்கம், கோழைத்தனம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மொட்டைக் கடிதத்தை வைத்துத் தூக்குத் தண்டனை கொடுக்காத நீதிபதி அவர். பெற்ற மகன் விஷயத்திலும் அந்தப் பழக்கம் மாறவில்லை.

லொரென்ஸோ சட்டத்தை வேறு விதமாகப் பயன்படுத்துகிறவன். கொலையில் உடந்தையாக இருந்த இரண்டு வேலைக்காரர்களையும் ஒழிக்க வேண்டும். பெட்ரிங்கானோவுக்குப் பணம் கொடுத்து மற்றவனைச் சுடச் சொல்கிறான். அதே இடத்தில் காவலர்களையும் நிறுத்தி வைக்கிறான். பெட்ரிங்கானோ கையும் களவுமாகப் பிடிபடுகிறான். "கவலைப்படாதே, உனக்கு ராஜாவின் மன்னிப்பு வாங்கியாயிற்று, இந்தப் பெட்டிக்குள் இருக்கிறது" என்று சொல்லி ஒரு பையனிடம் பெட்டியைக் கொடுத்து அனுப்புகிறான். திறக்கக் கூடாது என்று உத்தரவு. பையன்தானே, வழியில் திறந்து பார்த்துவிடுகிறான். உள்ளே ஒன்றுமே இல்லை, வெறும் பெட்டி. உண்மையைச் சொன்னால் தன் தலை போகும். ஆகவே தூக்குமரத்தின் பக்கத்தில் நின்று, பெட்டியை விரலால் சுட்டிக் காட்டிக்கொண்டே இருக்கிறான். அந்த நம்பிக்கையில் பெட்ரிங்கானோ நீதிபதியையே கிண்டல் பண்ணுகிறான், தூக்குப் போடுகிறவனிடம் நையாண்டி பேசுகிறான். கூட்டம் சிரித்திருக்கும். சிரித்துக்கொண்டு இருக்கும்போதே பலகை நகர்கிறது.

தண்டனை விதித்த நீதிபதி யார்? ஹியரோனிமோ! தன் மகனைக் கொன்றவர்களில் ஒருவன் எதிரே நிற்கிறான் என்று தெரியாமலே, வேறொரு கொலைக்காக அவனுக்குத் தீர்ப்புச் சொல்கிறார். தீர்ப்பு சரியானதுதான். ஆனால் அந்தச் சரியான தீர்ப்பால், வாய் திறந்து உண்மையைச் சொல்லக்கூடிய சாட்சியும் போய்விட்டான். நீதிபதியின் கையைக் கொண்டே நீதிபதியின் வழக்கை லொரென்ஸோ மூடுகிறான். இவ்வளவு நுட்பமாக யோசிக்கும் வில்லனை அதற்கு முன் ஆங்கில மேடை அதிகம் பார்த்ததில்லை. ஆனால் செத்தவன் சட்டைப்பையில் ஒரு கடிதம் இருந்திருக்கிறது. தூக்குப் போட்டவன் அதை ஹியரோனிமோவிடம் கொண்டு வந்து தருகிறான். ரத்தக் கடிதத்தில் இருந்தது அப்போதுதான் உறுதிப்படுகிறது.

சரி, ஆதாரம் கிடைத்தாயிற்று. இனி ராஜாவிடம் போவதுதானே முறை? போகிறார். ராஜா போர்ச்சுகல் தூதரோடு கல்யாணப் பேச்சில் இருக்கிறார். ஹியரோனிமோ குரல் கொடுக்க, லொரென்ஸோ குறுக்கே வந்து தடுக்கிறான். பேச்சின் நடுவே தூதர் ஹொரேஷியோவுக்கு உரிய பிணைத்தொகையைப் பற்றிச் சொல்கிறார். மகன் பெயர் காதில் விழுந்ததும் கிழவர் உடைந்து போகிறார். மகனைப் பாதாளத்தில் இருந்து தோண்டி எடுத்துவந்து காயங்களைக் காட்டுகிறேன் என்று கத்தியால் தரையைக் குத்துகிறார். ராஜாவுக்கு ஒன்றுமே புரியவில்லை. ஏனென்றால் ஹொரேஷியோ செத்ததே அவருக்குத் தெரியாது! "மகன் மேல் உள்ள பெருமையிலும் பணத்தாசையிலும் புத்தி பேதலித்துவிட்டது, பதவியை வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம்" என்கிறான் லொரென்ஸோ. ராஜா நல்லவர். பதவியைப் பறித்தால் அவர் துயரம் இன்னும் கூடும், வேண்டாம் என்கிறார். ஹொரேஷியோவுக்குச் சேர வேண்டிய தங்கத்தைக் கொடுத்துவிடவும் சொல்கிறார்.

யோசித்துப் பாருங்கள். இந்த அரசவையில் நீதி மறுக்கப்படவே இல்லை. கொடுங்கோல் மன்னன் யாரும் இல்லை. மனு போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். வாசலில் நிற்கிறவன் குற்றவாளியாக இருந்தால் உள்ளே இருக்கிறவர் எவ்வளவு நல்லவராக இருந்து என்ன?

அடுத்த காட்சியில் ஏழை மனுதாரர்கள் வருகிறார்கள். நேர்மையான நீதிபதி என்று கேள்விப்பட்டு, எங்களுக்காக ராஜாவிடம் பேசுங்கள் என்று ஹியரோனிமோவிடமே வருகிறார்கள். ஒருவருக்குக் கடன் வழக்கு. ஒருவருக்குக் குத்தகை இடத்திலிருந்து வெளியேற்றப்பட்ட வழக்கு. ஒரு கிழவர் மட்டும் பேசாமல் மனுவை நீட்டுகிறார். கொலையுண்ட என் மகனுக்காக என்று அதில் எழுதியிருக்கிறது. அவர் கண்ணீரைத் துடைக்க ஹியரோனிமோ சட்டைக்குள் கைவிட்டுக் கைக்குட்டையை எடுக்கிறார். வந்தது மகனின் ரத்தம் தோய்ந்த துணி. அதன் பிறகு அவருக்கு நிதானம் இல்லை. மனுக்களையெல்லாம் பல்லால் கிழித்துப் போடுகிறார். பாவம், அந்த மனிதர்கள் பத்திரம் போச்சே என்று அலறுகிறார்கள். மற்றவர்களின் நீதி இவர் கையாலேயே கந்தலாகிற இடம் இது. தன் துயரத்தில் மூழ்கியவன் அடுத்தவன் வழக்கைக் கிழிக்கிறான் என்பதை கிட் மறைக்கவில்லை.

தாமஸ் கிட்டின் அப்பா லண்டனில் பத்திரம் எழுதும் தொழில் செய்தவர். மனு, கடன் பத்திரம், குத்தகைச் சீட்டு எல்லாம் மகன் சின்ன வயதிலிருந்தே பார்த்து வளர்ந்த காகிதங்கள். இந்தக் காட்சியின் வழக்குகள் அவ்வளவு துல்லியமாக இருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

கிட் படித்தது மெர்ச்சன்ட் டெய்லர்ஸ் பள்ளி. தலைமையாசிரியர் ரிச்சர்ட் மல்காஸ்டர். கவிஞர் எட்மண்ட் ஸ்பென்சரும் அவருடைய மாணவர்தான். பையன்களை நாடகம் நடிக்கப் பழக்கி, எலிசபெத் ராணியின் முன்னாலேயே நடிக்க வைத்தவர் மல்காஸ்டர். 1581-இல் அவர் எழுதிய நூலில் ஆசிரியர்களுக்கென்று தனியாகப் பயிற்சிக் கல்லூரி வேண்டும் என்று எழுதினார். பெண்பிள்ளைகளுக்கும் படிப்பு வேண்டும் என்றார். மறு ஆண்டே லத்தீன் மட்டும் போதாது, ஆங்கிலத்துக்கும் தகுதி உண்டு என்று இன்னொரு நூல். ஆசிரியப் பயிற்சிப் பட்டயம் வாங்கிய எங்களைப் போன்றவர்கள் ஒரு கும்பிடு போட வேண்டிய மனிதர். அது இருக்கட்டும்.

நாடகம் எழுதப்பட்ட காலத்தை 1582-க்கும் 1592-க்கும் இடையில் வைப்பார்கள். 1587-ஐ ஒட்டி என்பது பலர் கருத்து. அந்த ஆண்டுகளில் இங்கிலாந்தில் பழிக்கும் நீதிக்கும் இடையே உண்மையிலேயே ஓர் இழுபறி நடந்தது. 1584-இல் டச்சுத் தலைவர் ஆரஞ்சு வில்லியம் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்து நம் ராணிதான் என்று பயந்த இங்கிலாந்துப் பிரபுக்களும் கனவான்களும் ஓர் உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்திட்டார்கள். ராணியைக் கொல்ல முயல்பவர்களை மட்டுமல்ல, அந்தக் கொலையால் யாருக்கு அரியணை கிடைக்குமோ அவரையும் விடாமல் துரத்திக் கொல்வோம் என்பது சத்தியம். விசாரணை என்ற பேச்சே இல்லை. அப்பட்டமான பழிச் சபதம், அதுவும் நாட்டின் பெரிய மனிதர்கள் கையெழுத்தோடு! மறு ஆண்டு நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவந்து, இல்லை, முதலில் விசாரணைக் குழு இருக்க வேண்டும் என்று கொஞ்சம் கட்டுப்படுத்தியது. அந்தச் சட்டத்தின் கீழ்தான் ஸ்காட்லாந்து ராணி மேரி விசாரிக்கப்பட்டு, 1587 பிப்ரவரியில் தலை வெட்டப்பட்டார்.

சாதாரண ஜனங்களுக்கோ தனிப்பட்ட முறையில் பழிவாங்குவது கொலைக் குற்றம். தேவாலயத்தில், பழிவாங்குவது கடவுள் வேலை என்று போதனை. ஹியரோனிமோ ஒரு காட்சியில் கையில் புத்தகத்தோடு வந்து, முதலில் இந்த வேத வாக்கைத்தான் நினைத்துப் பார்க்கிறார். ஆனால் கையில் இருப்பது செனெகாவின் நாடகம். வேதத்தில் தொடங்கிய சிந்தனை நாலு வரிக்குள் செனெகா பக்கம் சாய்ந்துவிடுகிறது. ரோஸ் அரங்கில் ஒரு பென்னி கொடுத்து நின்றுகொண்டு பார்த்த தொழிலாளிக்கு லத்தீன் புரிந்திருக்காது. ஆனால் அந்த மனிதர் எதை விட்டு எதைப் பிடிக்கிறார் என்பது புரிந்திருக்கும்.

இனி முடிவு. கல்யாண விழாவுக்கு ஒரு நாடகம் போடச் சொல்லி ஹியரோனிமோவைக் கேட்கிறார்கள். தான் டொலேடோவில் மாணவனாக இருந்தபோது எழுதிய ஒரு துன்பியல் நாடகத்தை எடுக்கிறார். கொலைகாரர்கள் இருவருக்கும் வேடம், பெல்-இம்பீரியாவுக்கும் தனக்கும் வேடம். ஆளுக்கொரு மொழி: ஒருவர் லத்தீன், ஒருவர் கிரேக்கம், ஒருவர் இத்தாலியன், ஒருவர் பிரெஞ்சு. யாருக்கும் யார் பேசுவதும் விளங்கக் கூடாது என்பது போல. மேடையில் நடக்கும் குத்து எல்லாம் நிஜக் குத்து. ஹியரோனிமோ லொரென்ஸோவைக் கொல்கிறார். பெல்-இம்பீரியா பால்தசாரைக் கொன்று தன்னையும் குத்திக்கொள்கிறாள். இரண்டு ராஜாக்களும் "நடிப்பு பிரமாதம்" என்று பாராட்டுகிறார்கள்!

பெல்-இம்பீரியாவை விமர்சகர்கள் இன்னும் கொஞ்சம் கவனித்திருக்கலாம். முதல் கடிதம் எழுதியவள் அவள். நாள் கடத்துகிறீர்களே, நீங்கள் ஒரு தகப்பனா என்று ஹியரோனிமோவை இடித்துக் கேட்டவள் அவள். அவளுடைய பாத்திரம் உயிரோடு தப்புவது போல எதாவது செய்யலாம் என்றுதான் கிழவர் நினைத்திருக்கிறார். அவள் அதற்கு உடன்படவில்லை. ஹியரோனிமோவின் மனைவி இசபெல்லா இதற்கு முன்பே மகன் தொங்கிய பந்தலை வெட்டிச் சாய்த்து, அந்தத் தோட்டத்தையே சபித்துவிட்டுத் தற்கொலை செய்துகொண்டாள். ஷேக்ஸ்பியரின் ஒஃபீலியாவுக்கு இரங்குகிறவர்கள் இவளையும் ஒருமுறை நினைக்கலாம்.

இதற்குமேல் ஹியரோனிமோ திரையை விலக்கி மகனின் உடலைக் காட்டுகிறார். நடந்தது முழுவதையும் சொல்கிறார். சொல்லி முடித்த பிறகும் ராஜா "ஏன் இப்படிச் செய்தாய்?" என்று மறுபடி கேட்கிறார். இது அச்சுப்பிரதியில் நேர்ந்த குளறுபடி என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. இருக்கலாம். ஆனால் நான் வாசிக்கும்போது, இந்த மனிதர் எவ்வளவு கத்திச் சொன்னாலும் அந்த அவையின் காதில் ஏறாது என்பதாகவே தோன்றுகிறது. இனிமேல் பேச ஒன்றுமில்லை என்று நாக்கைக் கடித்துத் துப்புகிறார். சரி, எழுதிக் காட்டு என்று பேனா கொடுக்கிறார்கள். அது இறகுப் பேனா, கூர் சீவக் கத்தி வேண்டும் என்று சைகை காட்டுகிறார். கத்தி வருகிறது. அதை வைத்து லொரென்ஸோவின் அப்பா காஸ்டீல் பிரபுவைக் குத்திவிட்டுத் தானும் செத்துப்போகிறார்.

இந்தக் கடைசிக் கொலையில்தான் கிட் நம்மைத் தவிக்க விடுகிறார். காஸ்டீல் பிரபு அந்தச் சதியில் இல்லை. மகள் ஆண்ட்ரியாவைக் காதலித்தது அவருக்குப் பிடிக்கவில்லை என்பது உண்மை. ஆனால் "ஹியரோனிமோவின் மனு ராஜாவிடம் போகாமல் நீ தடுக்கிறாயாமே" என்று மகனை நேருக்கு நேர் கேட்டவர் அந்த அரண்மனையில் அவர் ஒருவர்தான். இருவரையும் கூப்பிட்டுச் சமாதானம் செய்து வைக்கவும் பார்த்தார். அவரைத்தான் கத்தி தேடிப் போகிறது. மகனைப் பறிகொடுத்தவன் கணக்கில் கொலைகாரனின் தகப்பனும் சேர்ந்துவிட்டான். அதோடு முடியவில்லை. மேலே உட்கார்ந்து பார்த்த ஆண்ட்ரியாவின் ஆவி மகிழ்ந்து போய், யாரை எந்த நரகத்தில் போட வேண்டும் என்று பட்டியல் சொல்கிறது. அந்தப் பட்டியலிலும் காஸ்டீல் உண்டு. ஆவிக்குத் திருப்தி, பார்க்கிற நமக்கு அது இல்லை. ஹியரோனிமோ பக்கம் கடைசிவரை நின்றவர்களுக்கு அந்த இடத்தில் கால் தடுமாறத்தான் செய்யும்.

நாடகம் பெரும் வெற்றி. ரோஸ் அரங்க உரிமையாளர் பிலிப் ஹென்ஸ்லோவின் கணக்கு நோட்டில் 1592 தொடங்கி அது திரும்பத் திரும்ப வருகிறது. 1602 பதிப்பில் புதிய காட்சிகள் சேர்ந்தன. அதில் ஓர் ஓவியர் வருவார், அவரும் மகனைக் கொலையில் இழந்தவர். என் அழுகையை வரைய முடியுமா என்று ஹியரோனிமோ அவரிடம் கேட்பார். அதை எழுதியது ஷேக்ஸ்பியர் என்று டெக்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் டக்ளஸ் புரூஸ்டர் 2013-இல் வாதிட்டார். நல்ல காட்சி என்பதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். பின்னாளில் டி.எஸ். எலியட் தன் 'தி வேஸ்ட் லேண்ட்' கவிதையின் முடிவில் ஹியரோனிமோவை மறுபடி பேச வைத்ததும் தெரிந்த செய்தி.

எழுதியவருக்கு என்ன கிடைத்தது? 1593 மே மாதம் லண்டனில் இருந்த டச்சு தேவாலயச் சுவரில், வெளிநாட்டுக் குடியேறிகளை மிரட்டி ஒரு செய்யுளை யாரோ ஒட்டினார்கள். எழுதியவனைத் தேடி அரசு வீடு வீடாகச் சோதனை போட்டது. தேவைப்பட்டால் சித்திரவதை செய்யவும் அனுமதி. மே 12 அன்று கிட் கைதானார். அந்தச் செய்யுளுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் கிறிஸ்துவின் தெய்வத்தன்மையை மறுக்கும் சில தாள்கள் அவர் அறையில் கிடைத்தன. அவை கிறிஸ்டோபர் மார்லோவுடையவை, இரண்டு வருடம் முன்பு ஒரே அறையில் உட்கார்ந்து எழுதியபோது என் காகிதங்களோடு கலந்துவிட்டன என்றார் கிட். சித்திரவதைக்குப் பிறகு வந்த பேச்சு இது, அதை அப்படித்தான் பார்க்க வேண்டும். மே 30 அன்று டெப்ட்போர்டில் ஒரு வீட்டில் மார்லோ கத்திக்குத்தில் இறந்தார்.

வெளியே வந்த கிட்டை அவரை ஆதரித்து வந்த பிரபு சேர்த்துக்கொள்ளவில்லை. அரசு முத்திரைக் காவலர் சர் ஜான் பக்கரிங்குக்குக் கிட் எழுதிய கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. நாட்டின் பெரிய நீதிமன்றம் ஒன்றின் தலைவர் அவர். நான் நாத்திகன் அல்ல, தகாத சித்திரவதை பட்டேன், என் பிரபுவிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கெஞ்சுகிறார். மூன்று குடிமக்களையும் ஒரு கிழவரையும் மனுவோடு நீதிபதி முன் நிறுத்தியவர், சில ஆண்டுகள் கழித்துத் தானே அப்படி நின்றார்.

1594-இல் ஒரு பிரெஞ்சு நாடகத்தை 'கார்னீலியா' என்று மொழிபெயர்த்து வெளியிட்டார். பட்ட துயரங்களை அதன் சமர்ப்பண உரையில் குறிப்பிடுகிறார். அந்த ஆகஸ்டில் அடக்கம் செய்யப்பட்டார். வயது முப்பத்தைந்து. டிசம்பரில் அவருடைய அம்மா, மகன் விட்டுப்போன உடைமைகளை நிர்வகிக்கும் பொறுப்பு எங்களுக்கு வேண்டாம் என்று கணவர் சார்பில் எழுதிக் கொடுத்தார். கடன் தலைமேல் வந்துவிடும் என்ற பயமாக இருக்க வேண்டும். பத்திரம் எழுதுகிறவர் வீட்டில் அந்தப் பத்திரமும் எழுதப்பட்டது.

'ஸ்பானிஷ் டிராஜெடி' 1633-க்குள் பத்துப் பதிப்பு கண்டது. ஒன்றிலும் ஆசிரியர் பெயர் இல்லை. 1612-இல் நாடகக்காரர் தாமஸ் ஹேவுட் தன் நூல் ஒன்றில் அந்த நாடகத்தின் வரி ஒன்றை எடுத்துக்காட்டும்போது போகிற போக்கில் கிட் என்று பெயரைச் சொல்லியிருந்தார். 1773-இல் தாமஸ் ஹாக்கின்ஸ் என்பவர் அந்த ஒரு குறிப்பைக் கண்டுபிடித்துச் சொன்ன பிறகுதான் நாடகம் யாருடையது என்று உலகத்துக்குத் தெரிந்தது.

ஹாம்லெட்டுக்கும் இதற்கும் உள்ள கொடுக்கல் வாங்கலைத் தனியாகத்தான் எழுத வேண்டும். ஷேக்ஸ்பியருக்கு முன்பே ஒரு ஹாம்லெட் நாடகம் மேடையில் இருந்தது, அதையும் கிட்தான் எழுதினார் என்றொரு வழக்கு நெடுநாளாக நடக்கிறது. அது அடுத்த வாரம்.